சட்டைப்பையில் அடங்கும் கைவிளக்கு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்களும் வீழ்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் மீள வாரக்கணக்கில் ஆயிற்று. இத்தகைய நாள்களில் சார்ஜ் செய்யும் விளக்கு இரண்டொரு இரவுகளில் அணைந்துவிடும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரிக் கட்டையைப் போட்டு எரிக்கும் டார்ச் விளக்கோ தொடர்ந்து உதவும். ஆதலால் கைவிளக்கு வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது, "இதற்கு எந்தக் கட்டை?" என்பதே.

புயலை விடுங்கள். மோட்டார் போடவும் மடை திறக்கவும் இரவில் வரப்பில் நடக்கிறோம். கட்டுவிரியன் இரை தேடுவது இரவில்தான். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கக்கூடும் என 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

கைப்பேசியில்தான் விளக்கு இருக்கிறதே என்பர் இளைஞர். அது சேற்றில் விழுந்தால் வெளிச்சமும் போயிற்று, ஆபத்தில் பிறரை அழைக்கும் வழியும் போயிற்று.

விளக்கின் ஒளியை லூமென் என்னும் அளவால் குறிப்பர். காலடி பார்த்து நடக்க 50 முதல் 100 லூமென் தாராளம். சந்தையில் மலிவாக விற்கும் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமெனை நம்பவேண்டா. "500 மீட்டர் பாயும்" என்பதற்கும் ஒரு பொருள் உண்டு. முறையான அளவீட்டின்படி, அத்தொலைவில் விழும் ஒளி முழுநிலவின் ஒளியளவே ஆகும். மேலும், ஒரு புள்ளியில் குவியும் ஒளி தென்னையின் உச்சியைக் காட்டுமேயன்றி வரப்பின் இரு ஓரங்களையும் காட்டாது. நமக்கு வேண்டியது பரந்து விழும் ஒளி. கடையிலேயே மேசைக்கு அடியில் அடித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

ஒற்றைப் பென்சில் கட்டையில் எரியும் எல்.இ.டி. விளக்கு விரல் நீளத்திற்குச் சற்றே கூடுதலாக இருக்கும். மடியில் செருகினாலும் உறுத்தாது. குறைந்த ஒளி, மிகுந்த ஒளி என இரு நிலைகள் உள்ளதை வாங்குவது நலம். குறைந்த ஒளியில் கட்டை பன்மடங்கு நேரம் உழைக்கும். 'ஐ.பி.எக்ஸ். 4' என்றால் தூறலைத் தாங்கும். 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி கிடந்தாலும் கெடாது. வாய்க்காலைக் கடப்பவர்க்கு இதுவே ஏற்றது. பயன்படுத்தாத மாதங்களில் கட்டையைக் கழற்றி வையுங்கள். அது கசிந்து உட்புறத்தை அரித்தபின் புலம்பிப் பயனில்லை. ஈயபேட்டரி அடைத்த சார்ஜ் விளக்கையோ மாதம் ஒருமுறையேனும் சார்ஜ் செய்யவேண்டும். வெறுமையாகக் கிடந்தால் அதன் பேட்டரி வீணாகும்.

இன்னொன்று. பல வீடுகளில் இருக்கும் ஒரே விளக்கும் ஆடவரோடு வயலுக்குப் போய்விடுகிறது. கொல்லைப்புறம் செல்லவும், விடியுமுன் மாட்டுக்கொட்டகையில் நுழையவும், விறகுக் குவியலில் கைவிடவும் பெண்களுக்கு இருட்டே துணை. கொல்லைக் கதவருகே ஆணியில் மாட்ட இரண்டாவது விளக்கு ஒன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.