கூரை மேலே தோட்டம்... கீழே?

குட்டீஸ்! ஒரு கார் கம்பெனி மரம் நடுகிறது, செடி வளர்க்கிறது என்றால் உடனே கை தட்டிவிடலாமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்று ஓர் ஊர். ஹென்றி ஃபோர்டு உருவாக்கிய பிரம்மாண்டமான ரூஜ் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே ரூஜ் ஆறு. எண்ணெயும் கழிவும் சேர்ந்து சேர்ந்து, 1969-ல் அந்த ஆறு தீப்பிடித்தே எரிந்தது. ஆமாம், ஆற்றில் தீ!

பிறகு ஹென்றியின் கொள்ளுப்பேரன் வில்லியம் கிளே ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். 2003-ல் ஒரு கட்டடத்தின் கூரை மேல் 10.4 ஏக்கருக்குச் செடி வளர்த்தார்கள். இரண்டு கிரிக்கெட் மைதானங்களை அதில் விரித்துவிடலாம்! செடியின் பெயர் செடம். இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். நம்ம ஊர் ரணகள்ளிக்குச் சொந்தக்காரர்.

வெறும் கூரையில் விழும் மழை, அழுக்கை அள்ளிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடும். இங்கே செடியும் மண்ணும் நிறையவே குடித்துவிடுகின்றன. மிச்சம் மெதுவாக இறங்குகிறது. உள்ளே வெயில் சூடும் குறைவு. பறவைகள் வந்து முட்டையிட்டன. குழாய் போட்டு மழைநீரைச் சுத்தம் செய்வதைவிட இது மலிவு என்று கணக்கும் பார்த்தார்கள். நல்லதுதான். லாபம் இருந்தால் அடுத்து வருகிறவர் நிறுத்த மாட்டார் பாருங்கள்!

இதுவரைக்கும் நான் கை தட்டத் தயார். ஆனால், அந்தக் கூரைக்குக் கீழே தயாராவது எஃப்-150 என்ற கனமான பிக்-அப் வண்டி. சின்னக் காரைவிட அதிகமாகவே பெட்ரோல் குடிக்கும். ஒரு பெட்ரோல் வண்டி தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி வருவது ரோட்டில்தான், தொழிற்சாலையில் அல்ல. அதைக் கூரைச் செடியால் என்ன செய்ய முடியும்?

தோட்டமாவது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்ட கதை வேறு. 'சுத்தமான டீசல்' என்று விளம்பரம் செய்த கார்களில், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை ஒளித்து வைத்திருந்தார்கள். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்!

ரூஜ் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் பள்ளிக் குழந்தைகளும் போகிறார்கள். மாடத்தில் நின்றால் பச்சைக் கூரை தெரியும். அங்கே நிற்கும் ஒரு சுட்டி, 'கீழே செய்யும் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் அங்கிள்?' என்று கேட்டால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.