தெளிந்தபின் பொருத்துக

இலக்கியம் பேசும் இந்த இடத்தில் காரின் ஆல்டர்னேட்டருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வியக்கக்கூடும். நான் பேச வந்தது ஓர் இயந்திரப் பாகத்தைப் பற்றி மட்டுமன்று. நம்பிக்கை என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியும்தான். பழுதான ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறோம். மாட்டும் முன் அதைச் சோதித்துப் பார்க்கிறோமா? திருத்துறைப்பூண்டியில் நான் கண்ட அளவில் பெரும்பாலும் இல்லை. "மாட்டி ஓட்டிப் பாருங்க சார், ஏதாவதுன்னா கொண்டாங்க" என்பதே வழக்கு. இவ்வழக்கு தவறு, அத்தவற்றில் பட்டறைக்காரருக்கு இருக்கும் பங்கைவிட நமக்கு இருக்கும் பங்கு பெரிது என்பது என் துணிபு.

எங்கள் பக்கத்தில் இன்றும் பலர் இப்பாகத்தை 'டைனமோ' என்றே சொல்கின்றனர். பழைய அம்பாசிடர் வண்டிகளில் இருந்தது டைனமோதான். பாகம் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. இரண்டும் மின்சாரம் ஆக்குபவையே; ஆக்கும் முறைதான் வேறு. ஆல்டர்னேட்டரில் எஞ்சினின் பெல்ட் சுழற்றும் உருளைக்குள் ஒரு காயில் உண்டு. கார்பன் பிரஷ் வழியாக அதற்குச் சிறிதளவு மின்னோட்டம் சென்று, அது காந்தமாகிறது. அக்காந்தம் சுழலச் சுழல, சுற்றியிருக்கும் நிலையான காயில்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்திசை மின்னோட்டமாக்குகின்றன; ரெகுலேட்டர் அதைப் பதினான்கு வோல்ட் அளவில் கட்டிவைக்கிறது. பிரஷ், காயில், டயோடு, ரெகுலேட்டர், பேரிங் என்னும் ஐந்தில் எது கெட்டாலும் பழுதுதான். ஆனால் எல்லாப் பழுதும் உடனே வெளியே தெரிவதில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், பழுதுநீக்கி விற்கப்பட்ட ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். மூன்று நாள் பகலில் ஓட்டினார், குறையொன்றும் இல்லை. நான்காம் நாள் இரவு, கொட்டும் மழையில், நெஞ்சுவலி கண்ட முதியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு மன்னார்குடி வழியாகத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட்டார். வடுவூரைக் கடந்ததும் முகப்பு விளக்கு மங்கியது, துடைப்பான் தயங்கியது, சற்று நேரத்தில் எஞ்சினும் நின்றது. பின்னால் வந்த ஒரு சரக்கு வண்டிக்காரர் இரங்கியதால் முதியவர் பிழைத்தார். மறுநாள் பிரித்துப் பார்த்தபோது டயோடுகளில் ஒன்று செத்திருந்தது.

மூன்று நாள் தெரியாதது அன்றிரவு மட்டும் ஏன் தெரிந்தது? பகலில் வண்டிக்குத் தேவையான மின்சாரம் குறைவு. ஒரு டயோடு செத்த ஆல்டர்னேட்டரும் அந்த அளவுக்குக் கொடுத்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியாமலும் இருக்கலாம். வோல்ட்மீட்டரும் ஏறத்தாழச் சரியான எண்ணையே காட்டலாம். இரவில், மழையில், இரண்டு முகப்பு விளக்குகள் மட்டுமே பத்து ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். அதன்மேல் துடைப்பான், கண்ணாடிப் பனியை நீக்கும் காற்றாடி. ஆல்டர்னேட்டரால் கொடுக்க முடியாததைப் பேட்டரி கொடுக்கிறது. முப்பத்தைந்து ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து பதினைந்து ஆம்பியர் வீதம் போனால், கணக்குப்படியே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். பாதி நிறைந்த பேட்டரியானால் அதுவும் இல்லை. இன்றைய எஞ்சின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. மின்சாரம் தீர்ந்தால் விளக்கோடு எஞ்சினும் அணைந்துவிடும்.

ஆகவே சோதனை என்றால் சுமையேற்றிச் செய்யும் சோதனையே சோதனை. அதற்கு முன் எளிய படிகள் சில உண்டு. முதலில், கழற்றப்போகும் பழைய ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் நன்கு நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். பெல்ட் தளர்ந்திருக்கலாம். வேதாரணியத்து உப்புக்காற்று படும் எங்கள் பகுதியில் எர்த் இணைப்பு துருவேறியிருக்கலாம். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, சுமையோடு ஓடும்போது, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை அந்த இணைப்பில்தான். அதைச் சுரண்டித் துடைத்தாலே தீரும் குறைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது, புதிதாக வந்ததைக் கையில் வைத்துப் பார்ப்பது. கப்பியைக் கையால் சுழற்றினால் கரகரப்பின்றிச் சுழல வேண்டும். கப்பியின் வரிகளும் பொருத்தும் காதுகளும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக்கூடாது. பிரித்த நிலையில் இருந்தால் மல்ட்டிமீட்டரை வைத்துச் சுழலும் காயிலை அளக்கலாம். பெரும்பாலான கார்களில் அதன் மின்தடை இரண்டிலிருந்து ஐந்து ஓம் வரை இருக்கும். காயிலுக்கும் அச்சுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. டயோடு ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விட வேண்டும். இரு திசையிலும் விட்டாலும், எத்திசையிலும் விடாவிட்டாலும் அது செத்ததே.

மூன்றாவதே தலையாயது. மோட்டார் பூட்டிய சோதனை மேசையில் வைத்துச் சுழற்ற வேண்டும். சுமையின்றி 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று. பின் சுமையை ஏற்ற வேண்டும். அப்போதும் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அதே வேளையில் மீட்டரை மாறுதிசை அளவுக்குத் திருப்பினால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமானால் டயோடில் குறை என்று ஐயுறலாம். ரெகுலேட்டரை வண்டியின் கணினியே ஆளும் புதிய வகைகளுக்கு அதற்கேற்ற சோதனைக் கருவி வேண்டும். சாதாரண மேசையில் அவை நல்லவையாயிருந்தும் கெட்டவைபோல் தோன்றக்கூடும்.

சோதனை என்ற பெயரில் நடக்கும் ஒரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, "பாருங்க, வண்டி நிக்கல, டைனமோ நல்லாருக்கு" என்று காட்டுவோர் இன்றும் உளர். டைனமோ காலத்தோடு போயிருக்க வேண்டிய பழக்கம் இது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் அளவு ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். நூறை நெருங்கவும் கூடும். டயோடும் ரெகுலேட்டரும் வண்டியின் கணினியும் அதில் கருகலாம். நல்ல பொருளைக் கெடுத்துவிட்டு நல்லது என்று சான்றளிக்கும் சோதனை இது.

சோதித்துப் பயன்படுத்துவது நமக்குப் புதிதா என்ன? விதைநெல்லை உப்புநீரில் இட்டு, மிதக்கும் பதரை நீக்குபவர்கள் இம்மண்ணின் உழவர்கள். முட்டை மிதக்கும் பதத்துக்கு உப்பைக் கரைத்துப் பக்குவம் பார்ப்பார்கள். அதன் பிறகும் ஒரு பிடி விதையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுவார்கள். சான்று பெற்ற நெல்விதைக்கு 80 விழுக்காட்டு முளைப்புத்திறன் வேண்டும் என்பது அரசின் விதி. விதி வருமுன்னரே சாக்கு இருந்தது. சட்டி வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். பொன் வாங்கினால் உரைத்துப் பார்க்கிறோம். விதைக்காரரோ குயவரோ பொற்கொல்லரோ அதற்காக முகம் சுளிப்பதில்லை. ஆல்டர்னேட்டரைச் சோதித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் மட்டும், "நம்பிக்கை இல்லையா சார்?" என்ற கேள்வி வருகிறது.

இக்கேள்விக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே தெளிதல் என்பதற்கு நம்புதல் என்று பொருள். கலங்கல் அடங்கி நீர் தெளிவதற்கும், ஒருவரை நம்புவதற்கும் ஒரே சொல்லை வைத்தது இம்மொழி. ஆராய்ச்சி நம்பிக்கைக்குப் பகையன்று. ஆராய்ந்தபின் கலங்கல் அடங்கி எஞ்சுவதே நம்பிக்கை. ஆராயாமல் கொள்வதற்குப் பெயர் நம்பிக்கையன்று, சோம்பல். அதே அதிகாரம் மறுபக்கத்தையும் சொல்கிறது: ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதும் கேடு. சோதித்துக் காட்டிய மெக்கானிக்கிடம், அடுத்து வரும் ஒவ்வொரு குறைக்கும் போய்ச் சண்டையிடுவது முறையாகாது.

இனி நம் பங்குக்கு வருகிறேன். பட்டறைகள் ஏன் சோதிப்பதில்லை? சோதனைக்கு நாம் கூலி தருவதில்லை. கழற்றக் கூலி, மாட்டக் கூலி என்றால் தருகிறோம், அரைமணி நேரம் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்ததற்குக் கேட்டால், "சும்மா பார்த்ததற்கா?" என்கிறோம். பார்ப்பதுதான் அத்தொழிலின் அறிவுப்பகுதி, மாட்டுவது கைவேலைப்பகுதி. அறிவுக்கு விலை தராமல் கைக்கு மட்டும் விலை தரும் ஊரில், காலப்போக்கில் கை மட்டுமே மிஞ்சும். சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய பாகமாயினும், பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனத்தின் புதுப்பாகமாயினும், சோதனைக்கென்று தனிக்கூலி தரும் வழக்கத்தை வாங்குபவர்களாகிய நாம்தான் தொடங்க வேண்டும்.

கூலி தந்தபின் ஒன்றைக் கேட்கும் உரிமை நமக்கு வருகிறது. சுமையின்றி எத்தனை வோல்ட், சுமையோடு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்னும் மூன்று எண்களைப் பட்டறைக்காரர் பில்லில் எழுதித் தரட்டும். பொருத்திய பின் பேட்டரி முனையில் மறுபடி அளந்து, முகப்பு விளக்கும் காற்றாடியும் ஓட, நான்காவது எண்ணையும் எழுதட்டும். பின்னாளில் பழுது வந்தால் யார் குற்றம் என்ற வழக்குக்கே இடமிராது. நேர்மையான மெக்கானிக்குக்கு அந்தத் தாளே காப்பு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனபோது, நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தோம். அந்நாள்களில் எங்கள் தெருவில் கைபேசிக்கு உயிரூட்டியதும், நோயாளிகளைச் சுமந்ததும் ஓடிக்கொண்டிருந்த சில கார்களே. அக்கார்களை ஓடவைத்தவை அவற்றுள் இருந்த, யாரும் பெயர் சொல்லாத இச்சிறு கருவிகள். இடருள்ள இரவில் நாம் சார்ந்திருக்கப் போகும் பொருளை, இடரில்லாத பகலில் அரைமணி நேரம் சோதிப்பது ஐயமன்று. அந்த இரவில் நம் வண்டியில் ஏறப்போகும், இன்னும் யாரென்று தெரியாத ஒருவருக்கு நாம் செலுத்தும் மரியாதை அது.