புதுவண்ணம் பூசிய பழைய இரயில்

விராலிமலையில் இரயில் நிலையம் இல்லை. மயில்களும் முருகனும் குறவஞ்சியும் உண்டு. இரயிலைப் பார்க்க மணப்பாறைக்குத்தான் போகவேண்டும். அதனால்தானோ என்னவோ, பொம்மை இரயிலின் மீதுள்ள ஆசை நாற்பதைக் கடந்தும் நம்மை விட்டு நீங்கவில்லை.

சென்ற ஆண்டு வெளியூர் வியாபாரி ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய நான்கு படங்களை நம்பி, பழைய ஹார்ன்பி சாவி இஞ்சின் ஒன்றை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். படத்தில் பச்சை வண்ணம் பளபளத்தது. “புதுசு மாதிரி இருக்கு, ஓடும் சார்” என்றார். பெட்டியைப் பிரித்தால் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. சாவி கொடுத்தோம், சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. வீட்டில் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதல் வருத்தம்.

தமிழ் படித்த நமக்கு இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்கக் கூடாது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் கண்ட கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். செல்லரித்த ஏட்டில் அழிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். இடைச்செருகல் தெரியாது. துருவுக்கும் புதுவண்ணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி தம் முதல் சாவி இரயில்களை 1920இல் வெளியிட்டார். அக்காலத் தகர இரயில்கள் பலவற்றில், தகட்டின் சிறு நாக்குகளைத் துளைவழி நுழைத்து மடக்கியிருப்பார்கள். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாக்குகளைத்தான். மடிப்பில் புதிய வெடிப்பு இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். மடிப்பின் மேலும் வண்ணம் வழிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். சக்கர விளிம்பு தேய்ந்து, உடல் மட்டும் மின்னினால் இரண்டில் ஒன்று பொய்.

இவற்றையெல்லாம் விடக் கொடியது வார்ப்பு உலோகத்தின் நோய். துத்தநாகக் கலப்பில் ஈயம் போன்ற மாசு சேர்ந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச்செல்ல வார்ப்பு உப்பி, வெடித்து, பிட்டுப்போல உதிரும். இதற்கு மருந்து கிடையாது. சக்கரத்தில் மயிரிழை விரிசல் கண்டால் விலை பேசாமல் எழுந்துவிடுவது நல்லது. மாறாக, 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ போன்ற மின் இஞ்சின் சோம்பி ஓடினால் அஞ்ச வேண்டியதில்லை. காந்தம் வலுவிழந்திருக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

வியாபாரியை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. அங்கே கையில் எடுத்து, திருப்பி, அடிப்பக்கம் பார்க்கலாம். நாமோ பளபளப்பைத்தான் எடுக்கிறோம். துருவோடு இருப்பதைத் தள்ளி வைக்கிறோம். பிறகு அவர் ஏன் தூரிகையை எடுக்கமாட்டார்?

நமது இஞ்சினைக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தோம். வில்லில் குறையில்லை, பழைய மசகுதான் இறுகிவிட்டது என்று கழுவிக் கொடுத்தார். இப்போது கூடத்தை ஒருமுறை கடக்கிறது. அடிப்பக்கம் நகத்தால் சற்றே சுரண்டினோம். பச்சைக்குக் கீழே பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. மேற்கொண்டு சுரண்ட இன்னும் துணிவு வரவில்லை.