2024 ஆகஸ்ட் 4: திண்டுக்கல் ஜெயித்த கதையும் அதன் அர்த்தமும்

திண்டுக்கல்லில் நாலு பேர் டீக்கடையில் நின்று கிரிக்கெட் பேசினால், பேச்சு எப்படியும் மூன்று தேதிகளில் ஒன்றில் போய் நிற்கும். பெருசுகள் என்றால் 1983 ஜூன் 25. நடுத்தர வயசு என்றால் 2011 ஏப்ரல் 2. காலேஜ் பையன்கள் என்றால் 2024 ஆகஸ்ட் 4.

முதல் இரண்டு தேதிகளும் நாடு முழுக்கத் தெரிந்தவை. மூன்றாவதைச் சொன்னால் சென்னைக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அன்றைக்குத்தான் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி டி.என்.பி.எல். கோப்பையை முதல் தடவையாக வென்றது. "அது ஒரு லோக்கல் லீக்தானே, இதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் அவ்வளவு சுலபமானதில்லை.

முதலில் கதையைச் சொல்லிவிடலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடி அமாவாசையும் அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிரியாணி வாசனை அடிக்கும் ஊரில், பாதி வீடுகளில் அன்றைக்கு சைவம்! சாயங்காலம் சேப்பாக்கத்தில் ஃபைனல். எதிரில் லைகா கோவை கிங்ஸ். 2022-ல் ஃபைனல் மழையில் கலைந்ததால் சேப்பாக் சூப்பர் கில்லீசோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்ட அணி, 2023-ல் தனியாகவே ஜெயித்த அணி. யாரைக் கேட்டாலும் கோவைதான் ஜெயிக்கும் என்று சொல்லியிருப்பார்கள்.

கோவை 20 ஓவரில் 129 ரன்தான் எடுத்தது. திண்டுக்கல் 18.2 ஓவரில் நாலு விக்கெட்டை மட்டும் இழந்து அதைத் தாண்டியது. கேப்டன் அஸ்வின் 52 ரன். ஆட்ட நாயகனும் அவர்தான். அதற்கு முந்தைய இரண்டு நாக்-அவுட் மேட்சிலும் அவர் 57, 69 என்று அடித்திருந்தார். உலகமே ஸ்பின்னராகப் பார்த்த ஒரு மனிதர், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய மூன்று மேட்சில் மூன்று அரைசதம் போட்டார். கதை சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

"மாப்ள, அன்னிக்கு அஸ்வின் மட்டும் நிக்கலேன்னா அவ்வளவுதான்டா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். இன்னொருவன் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பான். (அப்போது அவன் எதுவுமே சொல்லியிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்!) சொல்லச் சொல்லக் கதை வளரும். சிக்ஸர் இன்னும் பத்து மீட்டர் தள்ளிப்போய் விழும். ரசிகர்கள் உலகம் முழுக்க இப்படித்தான்.

தோல்வி கொடுத்த எடை

ஒரு வெற்றி எவ்வளவு பெரியது என்பதை ஸ்கோர் கார்டு சொல்லாது. அதற்கு முன்னால் எத்தனை தடவை தோற்றார்கள் என்பதுதான் சொல்லும்.

2018-ல் திண்டுக்கல் ஃபைனல் வரை போனது. தோற்றது யாரிடம்? மதுரையிடம்! இது மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாத வலி. 1985 செப்டம்பர் 15 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள் ஓர் ஊர். தனி மாவட்டம் ஆன பிறகும் விமானம் ஏற வேண்டுமா, மதுரை. பெரிய ஆஸ்பத்திரியா, மதுரை. கல்யாணத்துக்கு ஜவுளியா, அதற்கும் பல பேர் மதுரைக்குத்தான் பஸ் ஏறுவார்கள். வெளியூரில் போய் "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், "மதுரை பக்கம்" என்று சொல்லியே பழகிய தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அந்த மதுரையிடமே ஃபைனலில் தோற்றால் எப்படி இருக்கும்?

அடுத்த வருஷமும் ஃபைனல். 2019 ஆகஸ்ட் 15. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் எடுத்தது வெறும் 126. திண்டுக்கல் 114-ல் நின்றது. 12 ரன் தோல்வி. சேலத்துப் பையன் பெரியசாமி அஞ்சு விக்கெட் எடுத்துத் தூக்கிவிட்டார்.

அதன் பிறகு அஞ்சு வருஷம். அதனால்தான் 2024-ல் ஜெயித்தபோது இந்த ஊர் ரசிகனுக்கு அது லோக்கல் லீக் கோப்பையாகத் தெரியவில்லை. "மதுரை பக்கம்" என்று சொல்ல வேண்டிய அவசியம் ஒரு ராத்திரிக்காவது இல்லாமல் போனது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் மட்டுமே வெளியில் தெரிந்த பெயர், அன்றைக்கு வேறு ஒரு காரணத்துக்காக டிவியில் ஓடியது.

இது உண்மையிலேயே திண்டுக்கல் வெற்றியா?

இங்கேதான் சங்கடமான கேள்வி வருகிறது. அஸ்வின் சென்னை. பாபா இந்திரஜித் சென்னை. வருண் சக்கரவர்த்தியும் சென்னையில் வளர்ந்தவர். சந்தீப் வாரியர் கேரளாவில் இருந்து வந்தவர். ஃபைனல் நடந்தது சென்னையில். அணியின் சொந்த மைதானம் என்று சொல்லப்படும் என்.பி.ஆர். கல்லூரி மைதானம்கூட திண்டுக்கல் டவுனில் இல்லை. சாணார்பட்டி, கோபால்பட்டி எல்லாம் தாண்டி நத்தத்துக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு தனியார் கல்லூரியின் மைதானம். அப்படியானால் இதில் திண்டுக்கல் எங்கே இருக்கிறது, ஜெர்சியில் இருக்கும் பெயரைத் தவிர?

இதற்கு ரசிகர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "தோனி ராஞ்சிக்காரர். அவரைச் சென்னை சொந்தம் கொண்டாடலையா?" சரியான பதில்தான். பிரியாணிக்கு அரிசி எங்கே விளைந்தது, ஆடு எந்தச் சந்தையில் வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்களுடையது என்று நினைத்து ஆக்கினார்களோ, அந்த ஊர்ப் பெயர்தான் நிற்கிறது. வெற்றியும் அப்படித்தான். மேட்ச் ஆடியவர்கள் அடுத்த மேட்சுக்கு, அடுத்த அணிக்குப் போய்விடுவார்கள். அதை ஞாபகம் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்பவர்களிடம்தான் கோப்பை மிஞ்சுகிறது.

ஆனால் அந்தப் பதிலோடு திருப்திப்பட்டு நின்றுவிட முடியுமா? ஞாபகம் என்பது நம்பகமான பெட்டி இல்லை. அது தனக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது.

2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வான்கடேயில் தோனி அடித்த அந்தக் கடைசி சிக்ஸரைச் சொல்லாத ஆள் இல்லை. அதே மேட்சில் கம்பீர் எடுத்த 97 எத்தனை பேர் வாயில் வருகிறது? 1983-ம் அப்படியே. கபில்தேவ் ஜிம்பாப்வேக்கு எதிராக அடித்த 175-ஐ டிவியில் பார்த்தவரே கிடையாது, அன்று பி.பி.சி.யில் ஸ்ட்ரைக். ஆனாலும் எல்லோரும் பார்த்த மாதிரியே பேசுவார்கள். அந்த உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் ரோஜர் பின்னி, 18 விக்கெட். அவர் பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். ஃபைனலில் இந்தியாவின் 183-ல் அதிக ரன் எடுத்தவர் நம்ம ஸ்ரீகாந்த், 38. அது தமிழ்நாட்டில் மட்டும் மறக்காமல் இருக்கிறது!

2024 கதையிலும் இதேதான் நடக்கிறது. அஸ்வின், அஸ்வின், அஸ்வின். கோவையை 129-க்குள் கட்டிப்போட்ட பௌலர்கள் கதையில் ஓரமாக நிற்கிறார்கள். அதில் ஒருவரான வருண், 2021 நவம்பருக்குப் பிறகு இந்திய அணியில் இடமில்லாமல் இருந்தவர். திண்டுக்கல் ஜெயித்து இரண்டே மாதத்தில், 2024 அக்டோபரில், குவாலியரில் பங்களாதேஷுக்கு எதிராக மறுபடி இந்தியாவுக்கு ஆடினார். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராஃபி ஜெயித்த அணியிலும் இருந்தார். அந்தப் பக்கம் அஸ்வினோ 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட்டுக்கே விடை கொடுத்துவிட்டார். ஒரே அணியில் ஒருவர் திரும்பி வரும் வழியில் இருந்தார், இன்னொருவர் விடைபெறும் வழியில் இருந்தார். இதையும் சேர்த்துச் சொன்னால் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் யாரும் சொல்வதில்லை.

யாரும் பேசாத தேதி

இன்னொரு தேதியும் இருக்கிறது. 2025 ஜூலை 6.

அன்றும் திண்டுக்கல் ஃபைனலில் இருந்தது. இந்தத் தடவை சென்னை இல்லை, நத்தத்திலேயே ஃபைனல்! சொந்த மண், சொந்தக் கூட்டம், நடப்பு சாம்பியன். திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்தது. திண்டுக்கல் 102-க்கு ஆல் அவுட். 118 ரன் தோல்வி.

டீக்கடையில் இந்தத் தேதியை எடுத்தால் பேச்சு சட்டென்று மாறிவிடும். "ரெண்டு டீ போடுங்கண்ணே" என்பார்கள். இல்லையென்றால் நேராக 2024-க்குப் போய்விடுவார்கள். பழைய வெற்றியைப் பேசுவதில் பாதி, புதிய தோல்வியைப் பேசாமல் இருப்பதற்காகத்தான். இது தப்பில்லை, மனித சுபாவம். ஆனால் 2018-ம் 2019-ம் இல்லாமல் 2024-க்கு எடை இல்லை என்றால், 2025-ஐயும் கதையில் சேர்க்கத்தானே வேண்டும்? சென்னையில் ஜெயித்த பெருமையை மட்டும் பேசிவிட்டு, கண் முன்னால் நடந்ததை விட்டுவிட்டால் அது பாதிக் கதை.

ஜெயித்ததில் என்ன மிஞ்சியது?

ஒரு வெற்றிக்கு அர்த்தம் அது நடந்த ராத்திரியில் கிடைப்பதில்லை. பிறகுதான் கிடைக்கிறது. 1983-ல் ஜெயித்து வந்த அணிக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் பணமில்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் பாட்டுக் கச்சேரி நடத்தி நிதி திரட்டித் தந்தார், வீரர்களுக்குத் தலா ஒரு லட்சம். நாலே வருஷத்தில், 1987-ல், உலகக் கோப்பையே இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தது. அதுவரை இங்கிலாந்தைத் தாண்டாத கோப்பை அது. 1983-ஐ இன்றும் பேசுகிறோம் என்றால், அதிலிருந்து ஏதோ ஒன்று முளைத்தது என்பதால்தான்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமா? டி.என்.பி.எல். ஆரம்பித்த 2016-ல் திண்டுக்கல் ஜெர்சியில் பந்து போட்டவர்களில் ஒருவர் டி.நடராஜன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டிக்காரர். அங்கிருந்து ஐ.பி.எல்., பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு ஆட்டம். அவர் திரும்பி வந்து தன் சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023-ல் திறந்தார்கள். சின்னப்பம்பட்டிப் பையனுக்கு இனி "நடராஜன் எப்படி யார்க்கர் போட்டார் தெரியுமா" என்று பேச மட்டும் வேண்டியதில்லை. இறங்கிப் போட்டுப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லுக்கு அந்த மாதிரி எது மிஞ்சப் போகிறது? ஊருக்குள் எந்தக் காலி இடத்தைப் பார்த்தாலும் பையன்கள் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஆடுகிறவர்களில் எவனாவது ஒருவன் நன்றாகவே பந்து போடுவான். ஆனால் லெதர் பால், பேடு, நெட், கோச்சிங் என்று அடுத்த படிக்குப் போவதற்குப் பணமும் வேண்டும், வழி காட்ட ஆளும் வேண்டும். அந்தப் படியில்தான் பெரும்பாலான பையன்கள் நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு வேலை, குடும்பம், டீக்கடை. அடுத்தவர் ஜெயித்த கதையைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

ரசிகர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையவே செய்யலாம். கேள்வி கேட்கலாம். "அணியில் நம்ம மாவட்டத்துப் பையன் எத்தனை பேர்?" என்று ஒவ்வொரு ஏலத்தின் போதும் கேட்கலாம். நத்தத்தில் மேட்ச் நடக்கும்போது மட்டும் கூட்டமாகப் போகாமல், மாவட்ட லீக் மேட்ச் நடக்கும்போதும் பத்து பேர் போய் நின்று கைதட்டலாம். தெருவில் நன்றாக ஆடும் ஒரு பையனுக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல ஷூ வாங்கித் தரலாம். பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் இதெல்லாம் பேசப்படுவதே இல்லை.

பழைய வெற்றியை அசைபோடுவது தப்பே இல்லை. அது ஒரு சுகம். அந்தச் சுகத்தை இந்த ஊர் நியாயமாகவே சம்பாதித்திருக்கிறது, இரண்டு ஃபைனல் தோற்று, அஞ்சு வருஷம் காத்திருந்து. அடுத்த தடவை திண்டுக்கல் ஜெயிக்கும்போது ஆட்ட நாயகன் வீட்டுக்குத் திரும்புவது பேகம்பூருக்கோ, நாகல் நகருக்கோ, நத்தத்துக்கோ இருந்தால், "இது உண்மையிலேயே திண்டுக்கல் வெற்றியா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுவரை 2024 ஆகஸ்ட் 4-ஐப் பேசுவோம், தாராளமாகப் பேசுவோம். கூடவே 2025 ஜூலை 6-ஐயும் ஒரு வார்த்தை பேசிவிடுவோம்.