உப்புத்தாளைக் கீழே வையுங்கள்!



நவராத்திரி நெருங்கினால் பரணிலிருந்து பெட்டி இறங்கும். கொலுப் பொம்மைகளுக்கு அடியில், பழைய துணியில் சுற்றி வைத்த ஆச்சியின் சொப்புச் சாமான்களும் அகப்படும். குட்டி உரல், குட்டித் திருகை, விரல் நீளத்தில் ஒரு மத்து! நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் உருவானவை. அங்கங்கே வண்ணம் உதிர்ந்து, மரம் வெளியே தெரியும். பார்த்ததும் உங்கள் கை பரபரக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்தால் ஜோராக இருக்குமே என்று தோன்றும்.

பொறுங்கள். அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று தெரியவும், சீக்கிரம் காயவும் முன்பு ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். பொம்மை சும்மா இருக்கும்வரை ஆபத்து குறைவு. நீங்கள் தேய்க்கும்போதுதான் அது தூளாகிறது. அந்தத் தூள் உங்கள் மூக்குக்குப் போகும், தரையில் படியும். தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கிற தங்கச்சிப் பாப்பாவின் வயிற்றுக்கும் போகும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளையைப் பாதிக்கும். படிப்பு ஏறாமல் போகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது.

நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதி வந்தது. 2017 நவம்பரில் நடைமுறையாயிற்று. ஆகவே அதற்கு முன் வண்ணம் பூசிய எதையும் சந்தேகத்துடன்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேட்டல் நிறுவனமே, பெயிண்டில் ஈயம் இருந்ததால் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

சரி, அம்பாசமுத்திரம் சொப்புக்கு எப்படி வண்ணம் ஏற்றினார்கள் தெரியுமா? தூரிகையே கிடையாது! மரத்துண்டு கடைசல் எந்திரத்தில் வேகமாகச் சுழலும். அதன்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும்போது பிறக்கும் சூட்டில் அரக்கு உருகி, மரத்தின் மேல் படிந்துவிடும். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைத் தண்ணீர் கரைக்காது, ஸ்பிரிட் கரைக்கும். ஊசி போடுமுன் நர்ஸ் அக்கா பஞ்சில் தொட்டுத் தடவுவாரே, அந்த ஸ்பிரிட்தான். பளபளப்பாக்கலாம் என்று சொப்பை அதனால் துடைத்தால், பளபளப்பு பஞ்சோடு வந்துவிடும்! எனாமல் பூசிய சொப்புகளும் பின்னாளில் விற்பனைக்கு வந்தன. எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதனால் சொப்பின் வண்ணத்தை நீங்கள் உரிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். மண் பொம்மைக்கும் காகிதக்கூழ் பொம்மைக்கும் அந்த ஈரம்கூட ஆகாது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள்.

உங்களில் சிலர் பிளாஸ்டிக் விமானம், கப்பல் மாடல்களை ஒட்டி வண்ணம் தீட்டுகிறீர்கள். நல்ல பொழுதுபோக்குதான். தீட்டியது பிடிக்கவில்லை என்றால் உரிக்கத்தானே வேண்டும்? தாராளமாக உரிக்கலாம். ஆனால் அடியில் இருப்பது என்ன பொருள் என்று முதலில் பாருங்கள். இந்த மாடல்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். தெர்மாகோலும் அதே பொருள்தான். ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் அக்காவின் நகப்பூச்சு நீக்கியை ஒரு சொட்டு விட்டால், அங்கே குழி விழும். அதில் உள்ள அசிட்டோன் செய்யும் வேலை அது. உங்கள் விமானத்தின் இறக்கைக்கும் அதே கதிதான். தின்னரும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்.

தண்ணீரில் கலக்கித் தீட்டும் அக்ரிலிக் வண்ணம் என்றால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். வண்ணம் புதிது என்றால் பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமாக நின்றால் அப்பாவையோ அம்மாவையோ கூப்பிடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, வெளியே தெரியாத ஒரு மூலையில் அவர்கள் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் அடுப்போ, விளக்கோ, ஊதுவத்தியோ இருக்கக் கூடாது. அதன் ஆவிகூடத் தீப்பிடிக்கும்.

குட்டி உலோகக் கார்களைக் காஸ்டிக் சோடாவில் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது தோலைப் பொசுக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கார் செய்யப்படும் துத்தநாகக் கலவையையும் அரித்துவிடும். பெயிண்ட் ரிமூவர் டப்பாவும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருக்கும் மெத்திலீன் குளோரைடின் ஆவியால் உயிரிழந்தவர்கள் உண்டு. அது கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்க 2019ஆம் ஆண்டு அமெரிக்கா தடை போட்டது.

வண்ணம் கரைந்த ஸ்பிரிட்டை வாய்க்காலில் கொட்டாதீர்கள். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் தாமிரபரணிதான் குடிநீர். பழைய செய்தித்தாளில் ஊற்றி, வெளியே காற்றில் பெரியவர்கள் உலர்த்திக் குப்பையில் சேர்க்கட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் பிறகுதான் முறுக்கு!

இந்தக் கொலுவுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். ஒவ்வொரு சொப்பும் எந்த ஆண்டு, எந்தத் திருவிழாக் கடையில் வாங்கியது என்று ஆச்சியிடம் கேளுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். 2017க்கு முன்பு என்று தெரிந்தால், வண்ணம் உதிர்கிற சொப்பைப் பாப்பாவின் கைக்கு எட்டாத மேல் படியில் வையுங்கள்.