'அன்பே சிவம்' யாருடைய படம்?

"கட்சிப் பத்திரிகையில் சினிமாவைப் பற்றி எழுதுவதா? கூலிப் பிரச்னை, பஞ்சப்படிப் பிரச்னை எல்லாம் தீர்ந்துவிட்டதா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தீரவில்லை. தீராததனால்தான் எழுதுகிறோம். 2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்த ஒரு தமிழ்ப் படம் கூலிப் பிரச்னையைப் பேசிற்று. அந்தப் பேச்சை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை இன்று ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு நாம் வாளாவிருப்பதா?

படத்தின் பெயர் 'அன்பே சிவம்'. கமல்ஹாசன் திரைக்கதை எழுதி நடித்தார். வசனம் மதன்; டைரக்‌ஷன் சுந்தர் சி.; இசை வித்யாசாகர். வந்த சமயத்தில் படம் ஓடவில்லை. பின்னால் டெலிவிஷனில் திரும்பத் திரும்பக் காட்டிய பிறகுதான் அதற்கு வீட்டுக்கு வீடு ரசிகர்கள் உண்டானார்கள். இன்று அதைப் புகழாத படித்தவர்கள் இல்லை. ஆனால் பல்லாவரத்துத் தோல் தொழிலாளரிலும், சானடோரியம் மெப்ஸ் வாயிலில் ஷிப்ட் மாறும் பெண்களிலும், படப்பை, மணிமங்கலம் பக்கத்து விவசாயத் தொழிலாளரிலும் அதை முழுக்கப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாம் கேட்டுப் பார்த்தவரையில், விரல்விட்டு எண்ணிவிடலாம். "போனில் ரெண்டு நிமிஷம் பார்த்தேன் தோழர், கடவுளைப் பத்தி ஏதோ நல்லாப் பேசுறார்" என்பதே பெரும்பாலோர் சொன்ன பதில்.

அந்த இரண்டு நிமிஷம்தான் படமா?

கதை இதுதான்

மழையாலும் வெள்ளத்தாலும் விமானம் ரத்தாகிறது. புவனேசுவரத்தில் இரண்டு தமிழர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் அன்பரசு, விளம்பரப் படம் எடுப்பவன், அப்பன் ஆத்தாள் வைத்த பெயரைக்கூடச் சுருக்கி 'அரஸ்' என்று சொல்லிக்கொள்பவன். மாதவன் நடித்திருக்கிறார். மற்றவர் நல்லசிவம், முகமெல்லாம் தழும்பு, தடித்த கண்ணாடி, ஊனமுற்ற கால். அவரைக் கண்டதும் கனவான் அன்பரசுக்கு என்ன தோன்றுகிறது? 'இவன் பயங்கரவாதி!' என்று தோன்றுகிறது. அந்தப் 'பயங்கரவாதி' கொண்டுவருவதோ, வழக்காடிப் பெற்ற 32 லட்ச ரூபாய்க் காசோலை. சங்கத் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய பணம்!

இருவரும் பஸ்ஸிலும் ரயிலிலுமாகச் சென்னையை நோக்கி வருகிறார்கள். அன்பரசுவின் கடன் அட்டையை வழியில் சீந்துவார் இல்லை. சொந்தக் கையில் காசில்லாதவன் நிலைமை எப்படி இருக்கும் என்பதை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அறிகிறான். ரயில் விபத்து ஒன்று குறுக்கிடுகிறது. அன்பரசு தன் ரத்தத்தைக் கொடுத்தும் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பின் அறியாத பிள்ளைக்காக அவன் அழுகிறான். அங்கே நல்லசிவம் சொல்வதுதான் போனில் சுற்றிவரும் அந்த இரண்டு நிமிஷம்.

கத்தரிக்கப்பட்டது எது?

நல்லசிவத்தின் பழங்கதையும் படத்தில் வருகிறது. அவர் வீதி நாடகக்காரர்; ஓவியர்; செங்கொடிச் சங்கத்துக்காரர். நாசர் நடித்த கந்தசாமி படையாச்சி என்னும் முதலாளி, வாய் ஓயாமல் சிவன் பெயரைச் சொல்பவர். தொழிலாளிக்குக் கூலியை உயர்த்தச் சொன்னால் மட்டும் செவிடாகிவிடுபவர். இவரைத் தெருவில் வைத்து நாடகத்தில் கிழிக்கிறார்கள் தோழர்கள். தடியடியும் விழுகிறது.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நமக்கு சப்தர் ஹாஷ்மியின் நினைவு வராமல் இராது. 1989 ஜனவரி 1ஆம் தேதி, டில்லிக்கு அருகே சாகிபாபாதில், தொழிலாளர் குடியிருப்பில் 'ஹல்லா போல்' என்ற வீதி நாடகம் நடத்தும்போது அவரைக் குண்டர்கள் தாக்கினார்கள். மறுநாள் அவர் மாண்டார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் பலியானார். ஜனவரி 4ஆம் தேதி அவருடைய மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்தில் அதே நாடகத்தை நடத்தி முடித்தார்கள்!

முதலாளி வீட்டுச் சுவரிலேயே நல்லசிவம் பெரிய சித்திரம் எழுதுகிறார். இதற்கும் உலகத்தில் முன்னுதாரணம் உண்டு. மெக்சிகோ ஓவியர் டீகோ ரிவேரா, நியூயார்க்கில் ராக்பெல்லரின் கட்டடச் சுவரில் லெனின் உருவத்தை எழுதினார். 1934இல் அந்தச் சித்திரத்தை உடைத்தே நொறுக்கினார்கள். சுவரில் இருக்கும் லெனினைக் கண்டுகூட முதலாளிக்குப் பயம்!

கடைசியில் கல்யாண வீட்டில் என்ன நடக்கிறது? முழுவதும் சொல்லிவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சுவை போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறோம். தனக்கென்று எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கக்கூடிய அந்த நேரத்தில், நல்லசிவம் படையாச்சி முன் நீட்டுவது தொழிலாளர் கூலி உயர்வுப் பத்திரம். "கையெழுத்துப் போடு!" என்பதுதான் அவருடைய அன்பு! இந்தக் கையெழுத்தை விட்டுவிட்டு, "எல்லோரிடமும் அன்பாயிருங்கள், அதுவே ஆண்டவன்" என்று மட்டும் சொல்லுகிறார்களே, இவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்? அன்பாய் இருக்கும்படி தொழிலாளிக்குத்தானே உபதேசம்! முதலாளிக்கு யார் சொல்வது?

இன்னொரு கூட்டம் வேறு விதமாக ஆரவாரம் செய்கிறது. படத்தில் சுனாமி என்ற பேச்சு வருகிறதாம், 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்துவிட்டதாம், ஆகவே தீர்க்கதரிசனமாம்! கடல் பொங்குவது பூகோள சாஸ்திரம், தீர்க்கதரிசனம் அல்ல. கூலி உயர்வை மறைப்பதற்கு ஜோசியமும் ஒரு திரையாகிறது.

குறைகளும் உண்டு

நம் படம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நாம் புகழப்போவதில்லை. தாம்பரத்தில் ஓர் ஞாயிற்றுக்கிழமை இரவு, சங்க அலுவலகச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய கருவியில் இந்தப் படத்தைப் போட்டோம். முப்பது பேர் போல இருந்தோம். முடிந்ததும் நடவுக்குப் போகும் ஒரு வயதான அம்மா கேட்டார்: "இன்னா தோழர், சங்கம்னா அந்த ஒரு ஆளுதானா? மத்தவங்கல்லாம் எங்க போனாங்க?"

எங்களிடம் சட்டென்று பதில் இல்லை. அந்த அம்மா கேட்டது முற்றிலும் சரி. படத்தில் தொழிலாளர்கள் பெரும்பாலும் கும்பலாகவே நிற்கிறார்கள். கூலி உயர்வு ஒரு தனி மனிதனின் தியாகத்தால் வருகிறது. நம் அனுபவத்தில் அப்படி வந்ததுண்டா? வேலைநிறுத்தம் செய்து, அடுப்பு எரியாமல் கிடந்து, ஆயிரம் பேர் சேர்ந்து நின்றல்லவா வாங்கியிருக்கிறோம்! இந்தக் குறையை யாரும் மறைக்க வேண்டாம்.

ஆனால் அன்றிரவு இன்னொன்றும் கண்டோம். பெருங்களத்தூரில் கட்டட வேலை செய்யும் ஒரியா வாலிபர்கள் இருவர் வந்திருந்தார்கள். புவனேசுவரம் திரையில் வந்ததும், "எங்க ஊர்!" என்று அரைகுறைத் தமிழில் கத்தினார்கள். ரயில் விபத்துக் காட்சியில் அவர்கள் பேசவில்லை. 2023 ஜூன் 2ஆம் தேதி, பாலேசுவரம் அருகே பாகநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290 பேருக்கு மேல் மாண்டதை அவர்கள் மறப்பார்களா? பிழைப்புத் தேடி வந்த ஏழைகளும் அந்த ரயிலில் இருந்தார்கள். அதுவரை அந்த வாலிபர்களை 'வடக்கன்' என்று கேலி பேசிய நம் பையன் ஒருவன் எழுந்துபோய் அவர்களுக்கு டீ வாங்கி வந்தான். முகத்தைப் பார்த்து மனிதனை எடைபோட்ட அன்பரசு திருந்தியது போலவே இதுவும் நடந்தது.

தோழர்களே! 'ஓடாத படம்' என்று ஒதுக்காதீர்கள். ஓடாததற்கு வசூல் கணக்கு ஒன்றுதான் சாட்சி. அந்தக் கணக்கு முதலாளியின் கணக்கு. 'சினிமா போதை' என்றும் தள்ளிவிடாதீர்கள். டெலிவிஷனில் போடும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, முழுவதும் பாருங்கள். வடநாட்டுத் தோழர்களையும் கூப்பிடுங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து பேசுங்கள். "மத்தவங்கல்லாம் எங்க போனாங்க?" என்ற அந்த அம்மாவின் கேள்வியை நீங்களும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்!