சங்கம் பிறந்த ஆண்டு

தறியொலியே துயிலெழுப்பும் ஆரணியிலே வளர்ந்த எமக்குச் சிறு பிராயத்தில் ஒரு வினா விடையின்றி நின்றது. பட்டுச்சேலை ஒன்று பிறப்பது எந்நாள்? இழையை முறுக்கேற்றிய நாளா? சாயத்தில் தோய்த்த நாளா? வைகறையில் தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டிய நாளா? அன்றித் தறியிலே முதல் ஊடையை ஓட்டிய நாளா? பெரியோரை வினவியபோதெல்லாம் அவர்கள் நகைத்துச் சென்றனர். சென்னை இலக்கியச் சங்கத்தின் வரலாற்றைக் கற்கப் புகுந்தபோது அவ்வினாவே மீண்டும் எம்முன் எழுந்தது.

மதராஸ் லிட்டரரி சொசைட்டி என்று வழங்கும் இச்சங்கத்தை நம் நண்பர் பலர் அறிவர். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையில், செங்கற் கட்டடமொன்றில், உயர்ந்த அலமாரிகளிலே பழம்பெரு நூல்களைத் தாங்கி அஃது இன்றும் நிற்கின்றது. அது தோன்றிய ஆண்டு 1812 என்பார் ஒரு சாரார். 1817 என்பார் மற்றொரு சாரார். தலைமை நீதிபதி சர் ஜான் நியூபோல்ட் துரையே 1812-இல் அதனை நிறுவினார் என்றும், பெஞ்சமின் கை பாபிங்டன் முதற் செயலாளராய் அமர்ந்தார் என்றும் பலரும் எழுதி வருகின்றனர்.

இக்கூற்றைச் சிறிது நிறுத்துப் பார்ப்போம். 1812-இல் சென்னை உச்சநீதி மன்றத்தின் தலைமை நீதிபதி நியூபோல்ட் அல்லர்; 1801 முதல் அப்பதவியிலிருந்தவர் சர் தாமஸ் ஸ்டிரேஞ்சு ஆவர். நியூபோல்ட் தலைமையேற்றது அவருக்குப் பின்னரே. பாபிங்டன் பிறந்தது 1794-இல். எனவே 1812-இல் அவருக்கு வயது பதினெட்டு. அதாவது, எம்மினும் ஓராண்டு இளையவர். நாடும் புதிது, மொழியும் புதிது என்னும் நிலையில் அவ்வயதினர் ஒருவர் அறிஞர் சங்கத்திற்குச் செயலாளரானார் என்பது மாணவராகிய எமக்கு மிகவும் உவப்பான செய்தியே. ஆயினும் உவப்பு வேறு, உண்மை வேறு. 1817-இலோ அவர் இருபத்து மூன்று வயதினர். வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தும், பரமார்த்த குருவின் கதையை அச்சேற்றியும் 1822-இல் அவர் வெளியிட்டதைக் காணும்போது, அத்தகைய புலமை முதிர்ந்துவந்த காலம் இதுவெனக் கொள்ளுதல் தகும்.

அங்ஙனமாயின் 1812 எங்கிருந்து வந்தது? எமது ஊகத்தைச் சொல்வோம். அவ்வாண்டிலேதான் எல்லிஸ் துரையின் முயற்சியால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி சென்னையிலே தோன்றியது. கல்லூரிச் சாலை என்னும் பெயரே அக்கல்லூரியால் வந்தது; அதே சாலையிலேதான் சங்கமும் நிலைகொண்டது. முடிந்த பாவின் இழையோடு புதிய பாவின் இழையைப் பிணைத்துவிட்டால், பிணைத்த இடம் பார்ப்போர் கண்ணுக்குப் புலனாவதில்லை. கல்லூரியின் நினைவும் சங்கத்தின் நினைவும் இவ்வாறே பிணைந்தன போலும். நூல்களைக் கூட்டி வாசிக்கும் வழக்கம் முன்னரே தொடங்கியிருத்தல் கூடும் என்பாரை யாம் மறுக்கவில்லை. எனினும் நியூபோல்ட்டைத் தலைவராகவும் பாபிங்டனைச் செயலாளராகவும் கொண்டு நின்ற அறிஞர் சங்கத்திற்கு 1817 என்பதே பொருத்தமுடைய ஆண்டாம். ஐந்தாண்டு மூப்பினால் ஒரு சங்கத்தின் பெருமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

எமது பாட்டனார் ஒருநாள் எம் வினாவைக் கேட்டுத் தறியை நிறுத்தி, "நாளைக் கேட்கிறாயே அப்பா, நெய்தவன் பேரைக் கேட்டாயா?" என்றார். சங்க வரலாற்றிலும் ஆண்டினும் கனமான வினா இதுவே.

சங்கத்தின் ஆராய்ச்சித் தொகுதி முதன்முதலாக 1827-இல் இலண்டனிலே வெளிவந்தது. இந்து தரும நூல்களைப் பற்றி எல்லிஸ் எழுதிய கட்டுரையும், எழுத்துக்களை எண்களாக வழங்கும் இந்திய முறையைப் பற்றி விஷ் என்பார் எழுதிய கட்டுரையும் அதில் உள்ளன. இவற்றிற்குரிய அறிவு யாரிடமிருந்து பெறப்பட்டது? தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் ஓரினத்தவை என்று எல்லிஸ் 1816-இல் நாட்டியபோது அவருக்குத் துணைநின்றோர் பட்டாபிராம சாஸ்திரியார், சங்கரய்யா முதலியோர். வீரமாமுனிவரின் சுவடிகளைத் தென்னாடெங்கும் தேடிக் கொணர்ந்து, அவர்தம் சரித்திரத்தை 1822-இல் வரைந்தவர் முத்துசாமிப் பிள்ளை. கல்லூரியிலே தமிழ் பயிற்றியவர் தாண்டவராய முதலியார். சங்கத்தைத் தோற்றுவித்தோர் என இன்று எடுத்தோதப்படும் பெயர்களுள் இவர்கள் பெயரைக் காணோம். கல்கத்தாவில் 1784-இல் தோன்றிய ஆசியச் சங்கமும் 1829 வரையில் இந்தியரை அங்கத்தினராய்ச் சேர்த்துக்கொள்ளவில்லை.

காவலி வேங்கட இலட்சுமய்யாவின் செய்தி இதனினும் வருந்தத்தக்கது. கர்னல் மெக்கன்சிக்காகப் பல்லாண்டு ஊரூராய்ச் சுவடியும் சாசனமும் திரட்டியவர் அவர். மெக்கன்சி 1821-இல் இறந்த பின்னர் அப்பணியைத் தாமே தொடர விழைந்தார். நம் நாட்டவரைக் கொண்ட சங்கமொன்றைச் சென்னையில் நடத்தவும் முயன்றார். 1836-இல் கல்கத்தாச் சங்கத்தின் சார்பில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் அறிஞர், திரட்டுந் திறன் வேறு, ஆராயுந் திறன் வேறு என்னும் கருத்தினராய், அவரை ஒப்பவில்லை. அச்சுவடிகளை ஆராயும் பணி வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரைச் சேர்ந்தது. டெய்லரின் உழைப்பை யாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அவர் விரித்த ஏடுகளைத் தேடிக் கொணர்ந்த கைகள் எவை என்பதை மறத்தல், கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு அழகன்று.

இங்கே சிலர், "அப்புலவர்களையும் ஆதி அங்கத்தினர் என்றே எழுதிவிடுவோம், குறை தீர்ந்தது" என்பர். இதனை யாம் உடன்படோம். அடைத்திருந்த வாயிலுக்கு வெளியே நின்றோரை இன்று எழுத்தினால் உள்ளே ஏற்றி அமர்த்துவோமாயின், வாயிலை அடைத்தோரின் பிழையும் அதனோடு மறைந்துபோம். அங்கத்தினர் அல்லாதாரை அங்கத்தினர் என்பது, 1817-ஐ 1812 ஆக்குவதினும் பெரிய பிழை. அவர்களை ஆசிரியர் என்று எழுதுக. எந்தக் கட்டுரைக்கு எந்தப் புலவர் துணைநின்றார் என்பதை ஆராய்ந்து அக்கட்டுரையின் கீழே பொறிக்க. உண்மையும் அதுவே, அங்கத்தினர் பதவியினும் உயர்ந்த சிறப்பும் அதுவே.

தமிழ் கற்கும் நண்பர்காள்! ஒரு கூட்டத்தின் பழமையைப் பாராட்டி மேடையிற் பேசுமுன், ஒருநாள் அந்நூலகத்திற்குச் சென்று பழைய தொகுதிகளைப் புரட்டுங்கள். அச்சிட்ட பெயரைக் கண்டால் அதற்குப் பின்னின்ற பெயரைத் தேடுங்கள். எமதூர்ச் சேலை கடையின் பெயரைச் சுமந்தே பேட்டைகளுக்குப் போகின்றது. நெய்தவர் பெயர் அதன் ஓரத்திலும் இல்லை. துணிக்கு நேர்ந்த அக்கதி கல்விக்கும் நேராதவாறு காத்தல் நம் கடன்.